அத்தியாயம் 6: சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டால்

எழுத்துத் தேர்வில் தேறாதவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும். மறுபடி உட்கார்ந்து படிப்பார். நல்ல மதிப்பெண் எடுத்து, தரவரிசையிலும் முன்னால் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் ‘இந்தப் பதவிக்கு உங்களுக்குத் தகுதி இல்லை’ என்ற பதிலோடு திரும்புகிறவருக்குத்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது. தேர்வாணையம் அநியாயம் செய்துவிட்டது என்பார் ஒருவர். உடனே கோர்ட்டுக்குப் போ, ஸ்டே வாங்கிவிடலாம் என்பார் இன்னொருவர். இரண்டும் சில சமயம் சரி, பல சமயம் தவறு. எது எப்போது சரி என்று பிரித்துப் பார்க்க இந்த அத்தியாயம் உதவ வேண்டும். இன்னும் விண்ணப்பமே போடாதவர் படித்தால் பயன் இரட்டிப்பு. இந்த வகை வழக்குகளில் பல, விண்ணப்பம் போட்ட அன்றே முடிவாகிவிட்டவை.

வழக்கில் இல்லாத மூன்றாம் ஆள்

தகுதி வழக்கு என்றால் தனக்கும் தேர்வாணையத்துக்கும் நடக்கும் சண்டை என்றே விண்ணப்பதாரர் நினைக்கிறார். நீதிமன்றம் அங்கே மூன்றாவதாக ஒருவரையும் பார்க்கிறது. அவர் மனுதாரரும் இல்லை, எதிர்மனுதாரரும் இல்லை, தேர்வே எழுதவில்லை. அறிவிக்கையைப் படித்தார், கேட்ட தகுதி தன்னிடம் இல்லை என்று கண்டார், நேர்மையாக ஒதுங்கிக்கொண்டார். உங்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

1990-ல் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்ட சமூகநல உறைவிடப் பள்ளி ஆசிரியர் பணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. விளம்பரம் முதுநிலைப் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு கேட்டது. தேர்வு செய்யப்பட்டவர் வைத்திருந்தது மூன்றாம் வகுப்பு. இது நியமிக்கும் அதிகாரிக்கும் நியமனம் பெற்றவருக்கும் இடையிலான விவகாரம் மட்டும் அல்ல என்றது நீதிமன்றம். அதே தகுதியோ அதைவிட நல்ல தகுதியோ இருந்தும், விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்காமல் விட்ட அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்கள். விளம்பரத்துக்குக் குறைந்த தகுதியோடு ஒருவரை எடுப்பது பொதுமக்களை ஏமாற்றும் செயல் என்றும் சொன்னது.

அந்த ஆளை மனதில் நிறுத்திக்கொண்டு உங்கள் வழக்கை ஒருமுறை பாருங்கள். நீங்கள் கேட்பது அவருக்கும் கிடைத்திருக்க வேண்டிய சலுகையா, அல்லது அவரைத் தொடாத, உங்கள் காகிதத்தில் நேர்ந்த சிறு பிழையா? முதலாவது என்றால் வெல்வது கடினம். இரண்டாவது என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. கீழே வரும் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் அவற்றில் பெரும்பகுதி ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்.

எந்தத் தேதியில் தகுதி?

தகுதி இருக்கிறதா என்பதைவிட, எந்த நாளில் இருந்தது என்பதே அதிக வழக்குகளைத் தீர்மானிக்கிறது. இதற்கான வரிசையை உச்ச நீதிமன்றம் பூபிந்தர்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் (2000) தெளிவாக்கியது. பணிவிதியில் ஒரு தேதி சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. விதியில் இல்லையென்றால் அறிவிக்கையில் சொன்ன தேதி. அதிலும் இல்லையென்றால் விண்ணப்பம் பெறக் கடைசி நாள்.

டி.என்.பி.எஸ்.சி. எழுதும் பலர் தடுக்கி விழும் இடம் இது. கடைசி நாளுக்குள் பட்டம் வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தேர்வாணையத்தின் அறிவிக்கைகளோ, கல்வித் தகுதியை அறிவிக்கை வெளியான நாளன்றே பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. ஏப்ரலில் கடைசிப் பருவத் தேர்வை எழுதுகிறீர்கள். ஜூன் 10 அன்று அறிவிக்கை வருகிறது. ஜூன் 25 அன்று பல்கலைக்கழகம் முடிவை வெளியிடுகிறது. விண்ணப்பிக்க ஜூலை வரை அவகாசம். கணினி உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளும், கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும், ஹால் டிக்கெட்டும் வரும். ஆனால் ஜூன் 10 அன்று உங்களுக்குப் பட்டம் இல்லை. அந்த 15 நாளை எந்த மதிப்பெண்ணாலும் ஈடுகட்ட முடியாது. ஹால் டிக்கெட் கொடுத்தார்களே என்று கேட்பதும் பயன் தராது. எல்லா நிலைகளிலும் அனுமதி தற்காலிகமானதே என்ற வரி அறிவிக்கையில் இருக்கும்.

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் கதை வேறு. இறுதியாண்டு மாணவரும் முதல்நிலைத் தேர்வை எழுதலாம். தேர்ச்சிச் சான்றைப் பிற்பாடு காட்டினால் போதும். டெல்லி தேர்வின் விதியை மனதில் வைத்துக்கொண்டு சென்னை தேர்வுக்கு விண்ணப்பிக்காதீர்கள். வயதுக் கணக்கும் தனி: டி.என்.பி.எஸ்.சி. வழக்கமாக அறிவிக்கை வரும் ஆண்டின் ஜூலை 1-ஐ வைத்து வயதைப் பார்க்கிறது. ஒரே விண்ணப்பத்தில் படிப்புக்கு ஒரு தேதி, வயதுக்கு ஒரு தேதி. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு முன்பே பட்டம் வந்துவிட்டதே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் ஏற்றது. ஜம்மு காஷ்மீரில் இளநிலைப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பித்த 33 பேருக்குக் கடைசி நாளுக்குப் பிறகு, நேர்காணலுக்குச் சற்று முன்பு தேர்வு முடிவு வந்தது. அவர்களை அனுமதித்தது தவறில்லை என்று முதலில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 1997-ல் அசோக் குமார் சர்மா வழக்கின் மறுஆய்வில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. காரணம் நமக்குத் தெரிந்ததே: பிந்திப் பட்டம் பெறுகிறவர்களையும் சேர்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அவர்களைப் போன்ற மற்றவர்களும் விண்ணப்பித்திருப்பார்களே. 33 பேரின் வேலை பறிபோகவில்லை. உரிய நாளில் தகுதி பெற்றிருந்தவர்களுக்குக் கீழே பணிமூப்பு வைக்கப்பட்டது. பழைய தீர்ப்பைக் காட்டி நம்பிக்கை கொடுக்கும் வழக்கறிஞர் யாராவது வாய்த்தால், 1997-ஐ அவருக்கு நினைவூட்டுங்கள்.

தேதியை நிரூபிக்கும் ஆவணம் எது என்பதிலும் குழப்பம் வரும். பட்டமளிப்பு விழா நடந்த நாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முடிவு வெளியான நாளே முக்கியம். மதிப்பெண் பட்டியலில் அந்த நாள் இல்லையென்றால், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ‘இன்ன தேதியில் முடிவு வெளியிடப்பட்டது’ என்று கடிதம் வாங்குங்கள். அரியர் வைத்துத் தேறியவர்களுக்கு இந்தக் கடிதம் உயிர்நாடி.

படிப்பின் பெயர் பொருந்தாதபோது

அறிவிக்கை ஒரு பட்டத்தின் பெயரைச் சொல்லும். உங்கள் சான்றிதழில் அதே பெயரோடு கூடவே ஒரு சொல் ஒட்டியிருக்கும், அல்லது பெயரே மாறியிருக்கும். பாடத்திட்டம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பது உங்களுக்கும் தெரியும், பாடம் எடுத்த பேராசிரியருக்கும் தெரியும். நீதிபதி அந்த ஒப்பீட்டில் இறங்கமாட்டார். எந்தப் படிப்பு எதற்கு இணை என்று சொல்வது வேலை கொடுப்பவரின் அதிகாரம், தகுதி விதியை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்பதை மகாராஷ்டிர தேர்வாணையம் தொடர்பான 2019 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது.

எனவே தமிழ்நாட்டில் இணைத்தன்மைக்கு ஆதாரம் அரசாணைதான். துறைத் தலைவரின் கடிதமோ முதல்வரின் கையெழுத்தோ அதற்கு மாற்று ஆகாது. அரசாணையின் தேதியும் அறிவிக்கை நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்று டி.என்.பி.எஸ்.சி. கேட்கிறது. உங்கள் பட்டத்தின் பெயரில் சிறு ஐயம் இருந்தாலும், அறிவிக்கை வருவதற்குக் காத்திருக்காமல் இப்போதே உயர்கல்வித் துறை வெளியிட்ட இணைத்தன்மை அரசாணைகளில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பம் கொடுங்கள். மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை அது. பல்கலைக்கழகங்கள் புதுப் பெயரில் படிப்பைத் தொடங்கி மாணவரைச் சேர்க்கும்போதே அரசிடம் இணைத்தன்மை கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விடுவதற்கான விலையை முதல் தலைமுறைப் பட்டதாரிப் பிள்ளைகள் கட்டுகிறார்கள். அது எனக்கு ஆறாத கோபம். சேர்க்கையின்போதே இந்தக் கேள்வியைக் கல்லூரியிடம் கேட்கும் பெற்றோர் அதிகமாக வேண்டும்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் படிப்போ இளநிலைப் பட்டமோ இல்லாமல் நேராக முதுநிலை படித்தவர்கள் விஷயத்தில் 2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளநிலை என்ற வரிசையில் படித்தவர் அஞ்சல் வழியில் படித்திருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. வரிசையில் ஒன்று விடுபட்டவர் அதை மறைக்காமல், முதலில் தகுதி விதியை ஊன்றிப் படிக்க வேண்டும்.

அதிகம் படித்ததே வினையாவதும் உண்டு. டிப்ளமா கேட்ட பணிக்கு பி.டெக். படித்தவர் வரலாமா? கேரள மின்வாரியத் துணைப் பொறியாளர் பணியில் வரலாம் என்று 2010-ல் தீர்ப்பானது. அங்கே மாநிலப் பணிவிதியிலேயே, கீழ்த் தகுதியை உள்ளடக்கிய மேல்தகுதியை ஏற்கலாம் என்ற பிரிவு இருந்தது. ஜம்மு காஷ்மீரில் ஐ.டி.ஐ. கேட்ட தொழில்நுட்பப் பணிக்கு டிப்ளமா படித்தவர்கள் வந்தபோது 2018-ல் எதிர்ப்பக்கம் தீர்ப்பானது. அங்கே அத்தகைய பிரிவு இல்லை. மேல்படிப்பு என்பதாலேயே கீழ்ப்படிப்பு அதில் அடங்கிவிட்டது என்று நீதிமன்றம் தானாகக் கருதாது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் பியூன் பணி வழக்கில் (2020) விளம்பரமே பட்டதாரிகள் கூடாது என்றது. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவரின் வேலை போனதை உச்ச நீதிமன்றம் சரி என்றது. பட்டதாரிகள் பிளஸ் டூ வேலைக்கு வரிசையில் நிற்கும் ஊரில் இந்தத் தீர்ப்பு கசக்கும். ஆனால் பிளஸ் டூவோடு நின்றவருக்கென்று ஒதுக்கிய இடம் அது. அவர்தான் இங்கே நம் மூன்றாம் ஆள்.

ஆசிரியர் பணிக்கு வருகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மாநில விதிக்கு மேலே தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் விதி நிற்கிறது. தொடக்கப் பள்ளிக்கு பி.எட். படித்தவர்களும் வரலாம் என்று 2018-ல் அது வெளியிட்ட அறிவிக்கையை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயமே உரிய படிப்பு. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு, பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ‘டெட்’ எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. மாநில அரசு தரும் எந்த விலக்கையும், இந்த மத்திய விதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் நம்புங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, தமிழ்வழிச் சான்று

டெல்லி சார்நிலைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வில் ஓ.பி.சி. சான்றைத் தாமதமாகக் கொடுத்தவருக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் வேலை வாங்கிக் கொடுத்தது. சாதி பிறப்பால் வருவது, சான்று அதைக் காட்டும் தாள் மட்டுமே என்பது அதன் அடிநாதம். 2023-ல் குடிமைப் பணித் தேர்வில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுச் சான்றை உரிய நாளுக்குள் உரிய படிவத்தில் வைத்திராதவர்களுக்கு அதே நீதிமன்றம் கைவிரித்தது. ஏன் இந்த வேறுபாடு? டெல்லி வழக்கில் சான்றுக்கான கெடுவை வாரியம் முடிவு வெளியிடும்போதுதான் சொன்னது. யு.பி.எஸ்.சி. வழக்கில் கெடு தேர்வு விதியிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தது. தவிர, வருமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த நிதியாண்டின் வருமானம் என்பதே அந்தத் தகுதியின் உயிர். 2016 தீர்ப்பை மட்டும் நம்பி, சான்றுக்கு இ-சேவை மையத்தில் தாமதமாக விண்ணப்பிப்பது ஆபத்து.

திருமணமான பெண்கள் சாதிச் சான்றைத் தந்தை பெயரில் வாங்கியிருக்க வேண்டும்; கணவர் பெயரில் உள்ளது செல்லாது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றை வைத்து மத்திய அரசு வேலைக்குப் போக முடியாது. அதற்கு வளமான பிரிவில் வரவில்லை என்று குறிக்கும் தனிப் படிவம் வேண்டும். போலிச் சான்று பற்றி ஒரே வரி: எத்தனை ஆண்டு பணி செய்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று 2017-ல் இந்திய உணவுக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. பட்டத்தை மட்டும் தமிழில் படித்துவிட்டு, பள்ளிப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் முடித்தவர்களும் அதில் நுழைந்தார்கள். 2020-ல் கொண்டுவந்த திருத்தம் அந்த வழியை மூடியது. பட்டப்படிப்புத் தகுதி என்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றும் தமிழில் இருக்க வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்காக எழுதிய சட்டம் அவர் கைக்கே போய்ச் சேர இது தேவைப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்தப் பிள்ளையே சான்று வாங்க முடியாமல் அலைவதையும் பார்க்கிறோம். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக, அந்தந்த நிறுவனத் தலைவரிடம், தேர்வாணையம் தந்த படிவத்தில் வாங்க வேண்டும். ஊர் மாறிப் படித்தவர்கள், மூடிவிட்ட பள்ளியில் படித்தவர்கள் அறிவிக்கைக்குக் காத்திருக்கவே கூடாது.

தட்டச்சுப் பிழைக்கு வேறு அளவுகோல். பீகார் காவலர் தேர்வில் பிறந்த தேதி 18 என்பதற்கு 8 என்று இணையப் படிவத்தில் பதிவானதற்காக ஒருவரை ஒதுக்கினார்கள். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இரண்டு தேதியிலும் அவர் வயது வரம்புக்குள்ளேயே இருந்தார்; பிழையால் அவருக்கு எந்த லாபமும் இல்லை, யாருக்கும் நட்டமும் இல்லை. இப்படி ஒரு பிழை உங்களுக்கு நேர்ந்தால் மனுவில் காட்ட வேண்டியது இந்த இரண்டு சங்கதிகளைத்தான். ஆனால் எல்லாச் சிறு தவறுக்கும் இது பொருந்தாது. தமிழ்நாட்டு உரிமையியல் நீதிபதி தேர்வில் விடைத்தாளில் பென்சில் குறியிட்டவருக்கு 2019-ல் இரக்கம் கிடைக்கவில்லை. விடைத்தாளை அடையாளம் காட்டக்கூடிய எந்தக் குறியும் கூடாது என்ற அறிவுரை அனைவருக்கும் பொதுவானது.

படிவமே தவறாக இருக்கும் வழக்கும் உண்டு. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினியை ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களிலும் அடங்காதவர் என்று நிராகரித்தார்கள். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்காகத் தலையிட்டது. பின்னர் அவர் காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். தகுதி விதி தன்னை நினைத்தே பார்க்கவில்லை என்று நிரூபிக்க முடிந்தவர், விதியை மீறியவர் ஆகமாட்டார்.

காவல் துறையும் பழைய வழக்கும்

இந்தப் பகுதியை எழுதும்போது என் மனதில் இருப்பவர்கள், ஊர்த் திருவிழாச் சண்டையில் பத்துப் பேரோடு பதினோராவதாக முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்ட இளைஞர்கள். வழக்கு எப்போதோ முடிந்திருக்கும், சமாதானமும் ஆகியிருக்கும். காவலர் தேர்வில் ஓட்டமும் கயிறு ஏறுதலும் முடித்தபின் காவல் நிலையச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும்.

2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிகள் இங்கே அடிப்படை. படிவத்தில் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கேள்வி தெளிவாக இல்லாவிட்டால், சொல்லாமல் விட்டதைப் பொய் என்று சொல்ல முடியாது. மறைத்தது இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கு என்றால் அதிகாரி பெருந்தன்மையோடு நடக்கலாம். உண்மையைச் சொன்னாலும், குற்றத்தின் தன்மையைப் பார்த்து வேலை மறுக்க அதிகாரிக்கு இடமுண்டு. ஆனால் மறைத்தால் வழக்கின் தன்மை பின்னுக்குப் போய் உங்கள் நேர்மை முன்னுக்கு வந்துவிடும். சொல்லிவிட்டுத் தோற்றவருக்கு வாதிட ஏதாவது மிஞ்சும்.

தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகள் இன்னும் கடுமையானவை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே அவை கொள்கின்றன. கண்ணியமான விடுதலை, அல்லது உண்மைப் பிழை என்று முடித்த வழக்கு மட்டுமே முழுமையாக விலகும். சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பிறகு அப்படி முடிந்தாலும், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். ஆகவே சிறு வழக்கில் சிக்கிய இளைஞர் காவல் பணி நினைப்பில் இருந்தால், குற்றவியல் வழக்கறிஞரிடம் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எப்படியாவது விடுதலை என்பது அவருக்குப் போதாது. சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்ததா, குற்றமே நடக்கவில்லை என்று வந்ததா என்பதைத் தீர்ப்பின் சொற்கள் காட்டும்.

நடுவில் விதி மாறினால்

தேர்வு தொடங்கியபின் விதியை மாற்றக் கூடாது என்ற கோட்பாட்டை 2024 நவம்பர் 7 அன்று ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு தேஜ் பிரகாஷ் பாட்டக் வழக்கில் உறுதி செய்தது. விதியோ அறிவிக்கையோ மாற்ற இடம் கொடுத்திருந்தால் மட்டும் விலக்கு. அப்போதும் மாற்றம் தன்னிச்சையாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை நேரில் அனுபவித்தவர்கள் 2013 டெட் எழுதியவர்கள். தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 150-க்கு 90 என்று எழுதினார்கள். 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அது 55 சதவீதம் ஆக்கப்பட்டு, 82 எடுத்தவரும் தேறினார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. சென்னை அமர்வு சரி என்றது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தளர்த்தும் அதிகாரத்தை மத்திய விதி முன்பே கொடுத்திருந்தது என்பது அதற்குப் பலமாக அமைந்தது.

அறிவிக்கையிலேயே தவறு இருப்பதாக நீங்கள் நினைத்தால் தேர்வுக்கு முன் வழக்குப் போடுங்கள். எழுதிப் பார்த்துத் தோற்றபின் விதி தவறு என்று வருகிறவரை நீதிமன்றம் விரும்புவதில்லை. 1995-ன் மதன் லால் தீர்ப்பு அதற்காகவே மேற்கோள் காட்டப்படும். சட்ட விதியையே மீறிய தேர்வு என்றால், எழுதியது தடையாகாது என்று 2019-ல் பீகார் மருத்துவர் தேர்வு வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த விதிவிலக்கில் உங்கள் எதிர்காலத்தைக் கட்ட வேண்டாம்.

வழக்குக்குப் போகும்போது

நிராகரிப்பை எழுத்தில் வாங்குங்கள். மேசையில் வாய்மொழியாகச் சொன்னால், அன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் உங்கள் விளக்கத்தை அனுப்பிக் காரணம் கேளுங்கள். கடிதத்தில் எழுதிய காரணத்தை வைத்தே உத்தரவின் செல்லுபடி பார்க்கப்படும். பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்க்க முடியாது என்பது 1978-ன் மொகிந்தர் சிங் கில் தீர்ப்பு. உங்களைப் போலவே சான்று கொடுத்த இன்னொருவரை ஏற்றார்களா என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயில் மனு செய்யலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் கலந்தாய்வு இரண்டு வாரத்தில் என்றால் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

மாநிலப் பணி என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனம் 226-ன் கீழ் ரிட் மனு. மதுரை, நெல்லை, திருச்சி, தஞ்சை உள்ளிட்ட தென்மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போகலாம். மத்திய அரசுப் பணி என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே உத்தரவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். பொதுத்துறை வங்கி வேலைக்கு உயர் நீதிமன்றமே இடம். ரிட் மனுவுக்குச் சட்டத்தில் கெடு இல்லை என்று சொல்லித் தாமதிக்கிறவர்கள், நியமனங்கள் முடிந்தபின் வந்து நிற்கிறார்கள். அப்போது தேர்வான இன்னொருவரின் வேலையைப் பறித்துத்தான் உங்களுக்குத் தர முடியும். அப்படித் தேர்வானவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காவிட்டால் மனு நிற்காது என்று 1984-லேயே பிரபோத் வர்மா வழக்கில் சொல்லியாயிற்று. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததாலேயே வேலை உரிமையாகிவிடாது என்பதையும் (சங்கர்சன் தாஷ், 1991) மறக்க வேண்டாம்.

இடைக்கால உத்தரவைக் கேட்கும்போது, மொத்தத் தேர்வுக்கும் தடை கேட்பதைவிட ஒரு பணியிடத்தைக் காலியாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆயிரக்கணக்கானோரின் நியமனத்தை உங்கள் ஒருவருக்காக நிறுத்த நீதிபதி தயங்குவார்; ஓர் இடத்தை நிறுத்தி வைக்கத் தயங்கமாட்டார். தேர்வை எழுத இடைக்கால அனுமதி கிடைத்தால் அது வெற்றி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். இறுதித் தீர்ப்பில் தோற்றால், எழுதியதும் தேறியதும் எந்த உரிமையும் தராது.

பணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தனி நீதிபதியிடம் தோற்றால் 30 நாளுக்குள் ரிட் மேல்முறையீடு. தீர்ப்பின் நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள்.

வழக்கு நடக்கும்போதே அடுத்த அறிவிக்கைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்படி விண்ணப்பிப்பதால் வழக்கு பலவீனமாகாது. வழக்கில் செலவான ஆண்டுகளுக்காக வயது வரம்பில் தானாகத் தளர்வு கிடைக்காது. வேண்டுமென்றால் அதை மனுவிலேயே தனிக் கோரிக்கையாக எழுதச் சொல்லி, தாக்கல் செய்வதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.